முதல் நிரலுக்கு முன்

நுழையும்முன்

கற்கும் ஆர்வத்திற்கு இன்று குறைவில்லை. கற்பிக்கும் நூல்களுக்கும் காணொலிகளுக்கும் அதைவிடக் குறைவில்லை. எனினும் கணினி நிரலாக்கம் கற்கத் தொடங்கியவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவதைக் காண்கிறோம். அவ்வாறு நின்றவர்கள் தம் அறிவின்மீது ஐயம் கொள்கின்றனர். தம் கையிலிருந்த நூலின்மீது ஐயம் கொள்வதில்லை. தொடக்கநிலையில் இருப்பவர் தமக்கேற்ற நல்ல கற்றல் வளத்தை எவ்வாறு இனங்காண்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு வரியும் ஒரு முடிவும்

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்த மாணவி ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். பைத்தான் மொழியைக் கற்க விரும்பிய அவருக்கு உறவினர் ஒருவர் தாம் கல்லூரியில் படித்த பழைய நூலைக் கொடுக்கிறார். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் தமக்குக் கிடைத்த அரை மணி நேரத்தில், அந்நூலின் முதல் நிரலை எழுத்துப் பிசகாமல் அவர் தட்டச்சு செய்கிறார். ‘பிரிண்ட்’ என்னும் கட்டளை, அதனை அடுத்து மேற்கோள்குறிக்குள் ஒரு வாழ்த்துச்சொல், அவ்வளவே அந்நிரல். கணினி அதனை ஏற்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி தோன்றுகிறது. மீண்டும் எழுதிப் பார்க்கிறார்; மீண்டும் பிழை. ஒரு வரி நிரலே வரவில்லையே, இது நமக்கு வராத கல்வி என்று முடிவு செய்து நூலை மூடிவிடுகிறார்.

அவர் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. பிழை, நூலின் காலத்தில் இருந்தது.

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். 1991ஆம் ஆண்டு இம்மொழி முதன்முதலில் வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பும் 2008ஆம் ஆண்டு டிசம்பரில் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பில் மொழியின் சில அடிப்படைகளே மாற்றப்பட்டன. இரண்டாம் பதிப்பில் ‘பிரிண்ட்’ என்பதற்குப் பின் அடைப்புக்குறி தேவையில்லை; மூன்றாம் பதிப்பில் அது கட்டாயம். எனவே பழைய நூலின் முதல் வரியே புதிய பதிப்பில் பிழையாகிறது.

இதைவிட நுட்பமான வேறுபாடும் உண்டு. 7 என்னும் முழு எண்ணை 2 என்னும் முழு எண்ணால் வகுக்கச் சொன்னால் இரண்டாம் பதிப்பு 3 என்று விடை தரும். மூன்றாம் பதிப்பு 3.5 என்று விடை தரும். இங்குப் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. நூலில் உள்ள விடையும் திரையில் உள்ள விடையும் வேறுபடுவதைக் கண்டு கற்பவரே குழம்பி நிற்பார். இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் அப்பதிப்பிற்காக எழுதப்பட்ட நூல்கள் நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இன்னும் இருக்கின்றன.

ஆகவே கற்றல் வளம் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இது மொழியின் எந்தப் பதிப்பிற்காக எழுதப்பட்டது? நம் கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு? நூலின் முன்னுரையும் வெளியான ஆண்டும் முதல் வினாவிற்கு விடை தரும். பைத்தானைத் திறந்தவுடன் தோன்றும் முதல் வரியே இரண்டாம் வினாவிற்கு விடை தரும்.

நூலைக் குறை கண்ட ஆசிரியர்

மாணவர் தோற்கும்போது மாணவரைக் குறை கூறுவது எளிது. அவ்வாறு செய்யாமல் நூலை ஆராய்ந்த ஆசிரியர் ஒருவரின் செயல் இங்கு அறியத்தக்கது. அமெரிக்காவைச் சேர்ந்த கணினி அறிவியல் பேராசிரியர் ஆலன் டௌனி, 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜாவா மொழிக்கான அறிமுக வகுப்பொன்றை எடுக்க ஆயத்தமானார். அதே பாடத்தை அவர் முன்னரே மூன்று முறை நடத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் தோல்வியுற்ற மாணவர் எண்ணிக்கை மிகுதியாக இருந்தது. தேர்ச்சி பெற்றவர்களின் திறனும் அவருக்கு நிறைவளிக்கவில்லை.

காரணத்தைத் தேடிய அவர் கண்ட குறைகளுள் ஒன்று பாடநூல். நூல் அளவில் மிகப் பெரிதாக இருந்தது. மொழியின் தேவையற்ற நுணுக்கங்கள் நிறைந்திருந்தன. நிரல் எழுத எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டுதல் குறைவாக இருந்தது. முதல் சில வாரங்கள் பாடம் இயல்பாகச் செல்லும். பின்னர் ஒருநாள் புதிய செய்திகள் பல ஒரே நேரத்தில் வந்து குவியும். காலடியில் இருந்த தளம் திடீரெனத் திறந்துகொண்டதைப் போல மாணவர்கள் விழுவர்; அதன்பின் அவர்கள் எழுவதில்லை.

வகுப்பு தொடங்க இரண்டு வாரங்களே இருந்த நிலையில் டௌனி தாமே ஒரு நூலை எழுதத் தொடங்கினார். அவர் வகுத்துக்கொண்ட நெறிகள் சில. நூல் சுருக்கமாக இருக்க வேண்டும். மாணவர் படிக்காமல் விடும் ஐம்பது பக்கங்களைவிடப் படிக்கும் பத்துப் பக்கங்களே மேல். கலைச்சொற்களைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தும் ஒவ்வொன்றையும் முதலில் வரும் இடத்திலேயே விளக்க வேண்டும். கடினமான பகுதிகளைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். மொழியைவிட நிரலாக்கச் சிந்தனைக்கே முதலிடம் தர வேண்டும். இந்நூலை மாணவர்கள் படித்தனர், படித்தவற்றைப் புரிந்துகொண்டனர். இதனால் கடினமான பகுதிகளுக்கும் பயிற்சிக்கும் வகுப்பு நேரத்தை ஒதுக்க முடிந்தது.

எவரும் படியெடுக்கலாம், திருத்தியமைக்கலாம் என்னும் கட்டற்ற உரிமத்தின்கீழ் டௌனி அந்நூலை வெளியிட்டார். வர்ஜீனியா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஜெஃப் எல்க்னர், தம் மாணவர்களுக்காக அதனை ஜாவாவிலிருந்து பைத்தான் மொழிக்கு மாற்றியமைத்தார். அந்த மாற்றத்தைப் படித்தே டௌனி பைத்தானைக் கற்றுக்கொண்டார். தாம் எழுதிய நூலிலிருந்தே அவர் ஒரு புதிய மொழியைக் கற்ற நிகழ்வு, அந்நூலின் தரத்திற்குச் சான்றாகும். பின்னர் அது ‘திங்க் பைத்தான்’ என்னும் பெயரில் விரிவடைந்து, இன்றும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

டௌனி கண்ட நெறிகள் தமிழுக்குப் புதியன அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் அமைய வேண்டிய பத்து அழகுகளையும் வகுத்துரைக்கிறது. தேவைக்குக் குறைவாகச் சொல்வதும் அளவுக்கு மிஞ்சிச் சொல்வதும் படிப்பவரை மயங்க வைப்பதும் அக்குற்றங்களுள் அடங்கும். சுருக்கமும் தெளிவும் பொருத்தமான எடுத்துக்காட்டும் அழகுகளுள் அடங்கும். எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இலக்கண ஆசிரியர் ஒருவரும் கணினிப் பேராசிரியர் ஒருவரும் ஏறத்தாழ ஒரே முடிவிற்கு வந்துள்ளனர்.

புகழும் பொருத்தமும்

புகழ்பெற்ற நூலே நல்ல நூல் என்று கருதுவது இயல்பு. புகழ் வேறு, பொருத்தம் வேறு. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதி 1978ஆம் ஆண்டு வெளியான ‘சி நிரலாக்க மொழி’ என்னும் நூல் கணினி உலகில் பெரும்புகழ் பெற்றது. உலகை நோக்கி வணக்கம் கூறும் சிறு நிரலை முதல் பயிற்சியாக வைக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது அந்நூலே. எனினும் அது நிரலாக்கத்திற்கான தொடக்க நூல் அன்று. மாறி, மடக்கு, செயற்கூறு போன்ற அடிப்படைக் கருத்துகளைப் படிப்பவர் ஓரளவு அறிந்திருப்பார் என்று கொண்டே அது எழுதப்பட்டது. இதனை அதன் முன்னுரையே தெரிவிக்கிறது. முன்னுரையைப் படிக்காமல் முதல் இயலுக்குத் தாவும் தொடக்கநிலை மாணவர், தமக்காக எழுதப்படாத நூலைத் தம்மால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று வருந்துவார்.

நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. முதல் இயலையும், நூலின் நடுவிலுள்ள ஓர் இயலையும் புரட்டிப் பார்க்க வேண்டும். முதல் இயலில் விளக்கமின்றி வரும் கலைச்சொற்களை எண்ண வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்கள் புரியவில்லையெனில் அந்நூல் அடுத்த நிலைக்குரியது. நடு இயலில் உள்ள எடுத்துக்காட்டுகள், முந்தைய இயல்களில் கற்பித்தவற்றைக் கொண்டே அமைந்துள்ளனவா என்றும் காண வேண்டும். அவ்வாறு அமைந்திருந்தால் நூலாசிரியர் படிகளைக் கட்டியிருக்கிறார் என்பது பொருள்.

பார்த்தலும் செய்தலும்

காணொலிப் பாடங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆசிரியர் நிரலை எழுதுவதையும் அது இயங்குவதையும் கண்முன் காண்பது தொடக்கத்தில் பெரிதும் உதவும். ஆனால் அதில் ஒரு மயக்கமும் உண்டு. வல்லவர் ஒருவர் தடையின்றி எழுதுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும். காணொலியை மூடிவிட்டு வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் முதல் வரியே வராது. நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தவர் நீந்த முடியாதது போன்றதே இது.

நல்ல காணொலிப் பாடம் மாணவரை நிறுத்தும், செய்யச் சொல்லும், செய்தபின் தொடரச் சொல்லும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இம்முறையில் அமைந்தது. திரையின் ஒருபுறம் பாடமும் மறுபுறம் மென்பொருளும் இருக்க, பார்த்த ஒவ்வொன்றையும் உடனுக்குடன் செய்து பழகுமாறு அதன் சிறு பாடங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல தமிழிலும் ஒலிக்கின்றன.

பயிற்சி வினாக்களே ஒரு வளத்தின் தரத்தைக் காட்டும் உரைகல். ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் கணக்கிடும் நிரலைத் தந்துவிட்டு, அதனையே மீண்டும் எழுதுக என்பது பயிற்சி ஆகாது. இரட்டை எண்களை மட்டும் கூட்ட அந்நிரலில் எதனை மாற்ற வேண்டும் என்று கேட்பது பயிற்சி. வகுப்பின் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, சராசரிக்கு மேல் பெற்றவர் எத்தனை பேர் எனக் கண்டறியச் சொல்வது அதனினும் நல்ல பயிற்சி. முதலாவது நினைவை மட்டும் சோதிக்கிறது. ஏனையவை சிந்தனையைத் தூண்டுகின்றன.

கேட்டவுடன் முழு நிரலையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தாம் எழுதிய நிரலில் ஒரு வரி ஏன் தவறாகிறது என்று அவற்றிடம் கேட்டு அறிவது கற்றல். பயிற்சி வினாவிற்கான விடையையே அவற்றிடம் பெறுவது, பிறர் உண்பதைப் பார்த்துப் பசியாற நினைப்பதாகும்.

பிழையும் ஓர் ஆசிரியரே

பிள்ளைகள் கணினி வழியாகச் சிந்திக்கப் பழக வேண்டும் என்னும் நோக்கில் 1967ஆம் ஆண்டு ‘லோகோ’ என்னும் மொழி உருவாக்கப்பட்டது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான கல்வியாளர் சேமூர் பேப்பர்ட், பிழையைப் புதிய நோக்கில் கண்டார். எழுதிய நிரல் சரியா, தவறா என்று கேட்பதைவிட, அதனைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பதே பயன் தரும் என்பது அவர் கருத்து. வல்லுநர் எழுதும் நிரலும் முதல் முறையே பிழையின்றி அமைவது அரிது. ஆகவே பிழை அறிவின்மையின் அடையாளம் அன்று. நிரலாக்கப் பணியின் ஒரு பகுதி.

நல்ல கற்றல் வளம் சரியான நிரல்களை மட்டும் காட்டாது. பிழையான நிரலையும் காட்டி, அதற்குக் கணினி தரும் பிழைச்செய்தியைப் படிக்கவும் கற்பிக்கும். பைத்தானில் பிழைச்செய்தியின் இறுதி வரி பிழையின் வகையைச் சொல்லும். அதற்கு மேல் உள்ள பகுதி பிழை தோன்றிய வரியின் எண்ணைச் சொல்லும். ‘நேம் எரர்’ என்று வந்தால், பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம் அல்லது மதிப்பளிக்கும் முன்பே ஒரு மாறியைப் பயன்படுத்தியிருக்கலாம். இவ்வாறு நான்கைந்து பிழைச்செய்திகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் தொடக்கநிலையின் தடைகள் பலவற்றைத் தாமே கடக்கலாம்.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மாணவியின் திரையிலும் அத்தகைய செய்தியே தோன்றியது. ‘பிரிண்ட்’ கட்டளையில் அடைப்புக்குறிகள் விடுபட்டுள்ளன என்று மூன்றாம் பதிப்பு ஆங்கிலத்தில் தெளிவாகவே சொல்லும். விடை அவர் கண்முன்னே இருந்தது. அதனைப் படிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தாய்மொழியில் தொடங்குதல்

ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர் நிரலாக்கம் கற்க இயலாது என்பது தவறான எண்ணம். மடக்கு என்றால் என்ன, நிபந்தனை எவ்வாறு இயங்குகிறது என்னும் கருத்துகளுக்கு மொழி வேலி இல்லை. அவற்றைத் தாய்மொழியில் புரிந்துகொள்வதே எளிது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழில் கிடைக்கின்றன. கட்டற்ற மென்பொருள் குறித்துக் ‘கணியம்’ இதழ் தமிழில் எழுதி வருகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’, தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட நிரலாக்க மொழியாகும்.

அதே வேளையில் பிழைச்செய்திகளும் மொழிக்குரிய முதன்மை ஆவணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. எனவே கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் குறிப்பேட்டில் இணையாக எழுதிவைப்பது நல்ல முறை. அவ்வாறு சேரும் சொற்பட்டியல் ஆங்கில நூல்களுக்குச் செல்லும் பாலமாகும்.

கட்டணமும் வாக்குறுதியும்

இருபத்து நான்கு மணி நேரத்தில் கற்கலாம், ஒரு மாதத்தில் வேலை உறுதி என்னும் விளம்பரங்கள் எளிய குடும்பத்து மாணவர்களை ஈர்க்கின்றன. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் நிலையும் ஏற்படுகிறது. கணினி அறிஞர் பீட்டர் நார்விக், சில நாள்களில் கற்பிப்பதாகக் கூறும் நூல்களை மறுத்து, நிரலாக்கத்தைப் பத்தாண்டுகளில் கற்றுக்கொள்ளுமாறு கட்டுரை எழுதினார். அடிப்படைகளைக் கற்கப் பத்தாண்டு தேவை என்பது அதன் பொருளன்று. திறன் என்பது நீண்ட பயிற்சியால் மட்டுமே வரும் என்பதே அதன் கருத்து.

தொடக்கநிலைக்குத் தேவையானவை கட்டணமின்றியே கிடைக்கின்றன. பைத்தான் மொழியின் வலைத்தளத்தில் மொழியையும் அதற்கான பாடத்தையும் இலவசமாகப் பெறலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய ‘என்பிடெல்’ திட்டத்தின் காணொலிகளைக் கட்டணமின்றிக் காணலாம். சான்றிதழுக்கான தேர்வை எழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்துவர். கட்டணம் உள்ள வகுப்பில் சேரும் நிலை வந்தால், பாடத்திட்டத்தையும் ஒரு மாதிரி வகுப்பையும் முதலில் கேட்டுப் பெற வேண்டும். பயிற்சிகளை யார் திருத்துவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஐயம் தீர்க்க ஆளில்லாத வகுப்பு, விலை உயர்ந்த காணொலியே.

வளம் பலவாக இருப்பதும் ஓர் இடர். ஒரு நூலில் இரண்டு இயல், ஒரு காணொலித் தொடரில் மூன்று பாடம் எனத் தாவிக்கொண்டே இருப்பவர் தொடக்கத்தையே பலமுறை கற்பார். ஒரு முதன்மை வளம், ஐயம் தீர்க்க ஒரு துணை வளம் என்பதே தொடக்கநிலைக்குப் போதுமான அளவு. தேர்ந்தெடுத்ததை இரண்டு வாரம் நேர்மையாகப் பயின்று பார்க்க வேண்டும். அக்காலத்தின் முடிவில் நூலைப் பாராமல் ஒரு சிறு நிரலேனும் எழுத முடிந்தால் அதனையே தொடரலாம். முடியாவிடின் வளத்தை மாற்றலாம். முயற்சியை விட வேண்டியதில்லை.

மீதி முக்கால் பங்கு

ஆசிரியர் உரைப்பதை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது புலமையின் கால் பங்கே என்று நன்னூல் கூறுகிறது. உடன் பயில்வோருடன் கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும் என்பது அதன் கணக்கு. மிகச் சிறந்த நூலும் காணொலியும் கால் பங்கிற்கு மேல் தர இயலாது. மீதி, ஆய்வகத்தில் அருகில் அமர்ந்திருக்கும் தோழருடன் நிரலைத் திருத்துவதிலும் இளையவர் ஒருவருக்கு விளக்கிச் சொல்வதிலும் இருக்கிறது.

அந்த மாணவி மீண்டும் ஆய்வகத்திற்குச் செல்லட்டும். நூலின் ஆண்டைப் பார்த்து, பிழைச்செய்தியைப் படித்து, விடுபட்ட இரண்டு அடைப்புக்குறிகளை இடட்டும். வாழ்த்துச்சொல் திரையில் தோன்றும். பழைய நூலைப் புதிய கணினியில் எவ்வாறு படிப்பது என்பதை அவரே அடுத்தவருக்குக் கற்பிக்கும் நாளும் வரும்.

கற்பவை கற்றபின்...

1. பள்ளி நூலகத்தில் உள்ள கணினி நூல் ஒன்றை எடுத்து, அது வெளியான ஆண்டு, மொழியின் பதிப்பு, யாருக்காக எழுதப்பட்டது ஆகியவற்றைக் கண்டறிந்து அரைப் பக்க அளவில் மதிப்புரை எழுதுக.

2. உங்கள் நிரலில் தோன்றிய ஐந்து பிழைச்செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதி, அவற்றின் பொருளையும் சரிசெய்த முறையையும் தமிழில் விளக்குக.

3. ‘நூலுக்குரிய குற்றங்களும் அழகுகளும் காணொலிப் பாடங்களுக்கும் பொருந்தும்’ – வகுப்பில் கலந்துரையாடுக.